கிளட்ச் மாற்றப் போகிறீர்களா? நம் ராம்ப்பை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் பேசிய உரை. வர முடியாதவர்கள் பலர் கேட்டதால், பேசியவரிடமே எழுதி வாங்கி இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



முதலில் ஒரு வாக்குமூலம். போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பி ப்ளாக் லிஃப்ட் பக்கத்தில் ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்று நம் வாட்ஸ்அப் குரூப்பே அமளிப்பட்டது ஞாபகம் இருக்கும். எலக்ட்ரீஷியனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்தோம். மெயின் பேனலைத் திறந்தார். ஜெனரேட்டர் ரூமைப் பார்த்தார். கடைசியில், "எங்கேயோ குப்பை எரிச்சிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாசனை என் காரின் கிளட்சிலிருந்து வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த அவசரக் கட்டணத்தைச் சங்கக் கணக்கில் திருப்பிக் கட்டியும் விட்டேன். பொருளாளர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

செயலாளர் மேடம், "கார் பராமரிப்பு பற்றி ஏதாவது பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். பழைய டர்போ காருக்கு கிளட்ச் வாங்குவது எப்படி என்பது. அதையும் ஒரு தடவை தப்பாகச் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்களில் நிறைய பேரிடம் இப்போது டர்போ கார் இருக்கிறது. டீசல் கார் என்றாலே டர்போதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினில்கூட டர்போ வைத்துக் கொடுக்கிறார்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். அதனால் சொல்கிறேன்.

என் காரைப் பார்த்திருப்பீர்கள். தூண் பக்கத்தில் கவர் போட்டு நிற்கிற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ஆம் வருட மாடல். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 20 வால்வு, ஒரு டர்போ. கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்றைக்கு இது பெரிய எண்ணாகத் தெரியாது. அன்றைக்கு நம் ஊரில் சாதாரண மனிதன் கடன் வாங்கியாவது எட்டக்கூடிய டர்போ பெட்ரோல் கார் என்று பார்த்தால் இதை விட்டால் ஆள் இல்லை. 15 வருடம் முடிந்து 2019-இல் ஒரு முறை, அதற்கு 5 வருடம் கழித்து 2024-இல் ஒரு முறை என்று ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவைப் புதுப்பித்துத்தான் ஓட்டுகிறேன். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் அங்குசத்தை இரண்டு தடவை வாங்கினேன்.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் பின்பக்கம் ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது ஃபிளைவீல். அதன் மேல் ஒரு மூடி மாதிரி பிரஷர் பிளேட் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட். இரண்டு தோசைக்கல்லுக்கு நடுவில் ஓர் அப்பளத்தை வைத்து அழுத்தியது போல. அந்த அப்பளம்தான் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. நீங்கள் பெடலை மிதித்தால் மேல் கல் விலகும், அப்பளம் தனியாக நிற்கும். காலை எடுத்தால் மேல் கல் வந்து நசுக்கும், மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பாதி எடுத்த நிலையில் அப்பளம் உரசிக்கொண்டே சுற்றும். நம் ராம்ப்பில் நாம் எல்லோரும் வாழ்கிற இடம் அந்தப் பாதிதான்.

இந்த அப்பளம் எவ்வளவு விசையை வழுக்காமல் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். லைனிங் எவ்வளவு சொரசொரப்பு, பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்துகிறது, எத்தனை முகம் உரசுகிறது, மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உரசுகிறது. நான்கையும் பெருக்கினால் விடை. உதாரணத்துக்கு உராய்வு எண் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ எடை, இரண்டு முகம், சராசரி ஆரம் 9.5 சென்டிமீட்டர் என்று வைத்தால் 285 நியூட்டன் மீட்டர் வரும். 210 தருகிற எஞ்சினுக்கு இது தாராளம். லைனிங் கொஞ்சம் தேய்ந்தாலும், சூட்டில் கொஞ்சம் வழவழப்பானாலும் சமாளிக்கும். அழுத்தத்தை 20 சதவீதம் கூட்டினால் 342 ஆகும். அழுத்தத்தைத் தொடாமல் லைனிங்கை மட்டும் 0.4 உராய்வுள்ளதாக மாற்றினால் 380. கடைக்காரர் உங்களுக்கு விற்கிற எல்லா ஸ்பெஷல் கிளட்சும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத்தான் கூட்டியிருக்கும். எதைக் கூட்டியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் உங்கள் காலோ, காரோ, பின்னால் வருகிற வண்டியோ ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளட்சுக்குக் குதிரைத்திறன் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது முறுக்குவிசை மட்டும். டர்போ எஞ்சின் 2,500 சுற்றில் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் அப்போது அதன் சக்தி சுமார் 107 குதிரைத்திறன்தான். அதே எஞ்சின் 5,600 சுற்றில் 250 தந்தால் சக்தி சுமார் 200. பேப்பரில் பெரிய எண் பின்னது. கிளட்சுக்கு வலிப்பது முன்னது. டர்போ இல்லாத எஞ்சின் மெதுவாக மூச்சைப் பிடித்து மேலே போய்த்தான் பலம் காட்டும். டர்போ கீழேயே, கார் அசைந்த கொஞ்ச நேரத்திலேயே முழு பலத்தையும் கொண்டுவந்து கொட்டிவிடும். ஆகவே யாராவது உங்களிடம் "இந்த கிளட்ச் இத்தனை குதிரைத்திறன் தாங்கும் சார்" என்றால், முறுக்குவிசை எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கடையை மாற்றுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றியிருந்தார். பழைய டர்போ காரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் இந்த மாதிரிக் கார்களில் பாதிக்கு யாரோ கை வைத்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், கிளைம் நேரத்தில் தனித் தலைவலி. டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது என் காரின் முறுக்குவிசை 300-ஐத் தொட்டது. பழைய கிளட்ச், தேய்ந்த லைனிங், 300. வழுக்காமல் என்ன செய்யும்?

வழுக்குகிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஆளில்லாத நேரான சாலையில், விடியற்காலையில், நான்காவது கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். டேக்கோமீட்டர் முள்ளும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் கணவன் மனைவி கோயிலுக்குப் போவது போலச் சேர்ந்து ஏற வேண்டும். டேக்கோ மட்டும் முன்னால் ஓடிவிட்டால் கிளட்ச் போய்விட்டது. மாறாக, கியர் விழ அடம் பிடிக்கிறது, ரிவர்ஸ் போடும்போது கறகறக்கிறது, பெடல் தரையோடு போகிறது என்றால் அது வேறு நோய். பெரும்பாலும் ஹைட்ராலிக் சிலிண்டர் கசியும், அல்லது ஆயில் பழசாகியிருக்கும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறையா? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய அந்த ஆயிலை மாற்றாமல் கிளட்ச் செட்டையே மாற்றியவர்கள் உண்டு. முதலில் சின்னச் செலவைச் செய்து பாருங்கள்.

எனக்கு வழுக்கல்தான், சந்தேகமே இல்லை. அந்த ஆடி மாதச் சனிக்கிழமை, மேடவாக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, நம் ராம்ப்பில் முன்வண்டிக்காக இரண்டு தடவை நின்று ஏறி இறங்கியதில் லைனிங் கருகியது. மறுநாளே புது கிளட்ச் தேட ஆரம்பித்தேன். இங்கேதான் தப்பு செய்தேன். எனக்கு 52 வயது. கழுத்து வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் கிளட்ச் வாங்கும்போது மட்டும் மனசு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நின்றது.

வாங்கியது செராமிக் கிளட்ச். முழு வட்டமாக லைனிங் இருக்காது. ஆறு இதழ் போல ஆறு துண்டுகள், அதிலே உலோகமும் செராமிக்கும் கலந்த வில்லைகள். கூடவே கனமான பிரஷர் பிளேட். இருக்கிற இரட்டை ஃபிளைவீலை எடுத்துவிட்டு லேசான ஒற்றை ஃபிளைவீல். பெட்டியின் மேல் "ஸ்டேஜ் 3" என்று போட்டிருந்தது. இந்த ஸ்டேஜ் என்பதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரிப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒருவரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 1. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் தம்பி முதலிலேயே கேட்டார்: "சார், தினமும் ஆஃபீஸுக்கு இதையா எடுத்துட்டுப் போகப் போறீங்க?" நான் பெருமையாக ஆமாம் என்றேன். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வழுக்கல் நின்றது, அதில் குறை இல்லை. நான்காவது கியரில் மிதித்தால் கார் பாய்ந்தது. முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தேன். இரண்டாம் நாள் பெருங்குடி சிக்னலில் சிரிப்பு போனது.

சாதாரண ஆர்கானிக் கிளட்ச் பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கு நடுவில் அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கும். காலை எடுக்க எடுக்க அவை மெதுவாகத் தட்டையாகி, பிடிப்பு படிப்படியாக வரும். நமக்குப் பெடலில் ஒரு நீளமான பாதி கிடைப்பது அதனால்தான். இதழ் வடிவச் செராமிக்கில் பெரும்பாலும் அந்தத் தகடு இருக்காது. செராமிக் நன்றாகச் சூடான பிறகுதான் முழு குணத்தைக் காட்டும், அதுவும் வெடுக்கென்று. ரேஸில் ஒரு தடவை கிளம்பினால் முடிவு வரை நிற்காதவருக்கு அது வரம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நின்று கிளம்புகிற நமக்கு, பெடலில் இருப்பது லைட் சுவிட்ச் மாதிரி: ஒன்று உண்டு, அல்லது இல்லை. நடுவில் ஒரு விரற்கடை இடம். அந்த விரற்கடையில் காலை வைத்தால் கார் உதறும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. கைப்பையே சொன்னது.

கனமான பிரஷர் பிளேட்டின் விலை என் இடது முழங்கால். அது மட்டுமில்லை, அந்த அழுத்தம் ரிலீஸ் பேரிங், ஃபோர்க், ஹைட்ராலிக் சிலிண்டர் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. பெடலை மிதித்துக்கொண்டே நிற்கும்போது கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் பேரிங்கையும் அது முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அது எஞ்சினுக்குள் இருக்கிற பேரிங். அது தேய்ந்தால் கிளட்ச் பில்லைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடச் சொல்வது இதனாலும்தான்.

அப்புறம் ஃபிளைவீல். இந்தக் காரில் கம்பெனி வைத்திருப்பது டூயல் மாஸ், அதாவது இரண்டு துண்டாகச் செய்து நடுவில் நீளமான வில் ஸ்பிரிங்குகள் வைத்த ஃபிளைவீல். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சின்ன உதறல் உண்டு. அதை அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடும். ஒற்றை ஃபிளைவீல் விழுங்காது, அப்படியே கியர்பாக்ஸுக்கு அனுப்பும். ஐடிலில் நின்றால் கியர்பாக்ஸ் டப்பாவில் போட்ட கோலி மாதிரி கலகலக்கும். மூன்றாவது மாடி ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர் சார் ஒரு நாள் குனிந்து கேட்டார்: "ஏம்பா, டீசல் எஞ்சின் போட்டுட்டியா?"

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

மார்கழி மாதம், காலை ஏழே முக்கால். பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வருகிறேன். நம் ராம்ப்பை டேப் வைத்து அளந்திருக்கிறேன்: எட்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். உச்சியில், கேட்டுக்கு முன்னால், ஒரு பள்ளி வேன் குறுக்கே நின்றது. நான் ஏற்றத்தின் நடுவில் நின்றேன். வேன் நகர்ந்தது. கிளம்பப் பார்த்தேன். அந்த விரற்கடை கிடைக்கவில்லை. கார் ஒரு உதறு உதறி எஞ்சின் நின்றது. பிரேக்கிலிருந்து கால் ஏற்கெனவே ஆக்ஸிலரேட்டருக்குப் போயிருந்தது. கார் பின்னால் உருண்டது. கண்ணாடியில் பார்க்கிறேன், சி ப்ளாக் சகோதரி ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால். முன்பக்கம் அவர் பையன், முதுகில் பை. இந்தக் காரில் ஏற்றத்தில் தானாகப் பிடித்து நிறுத்துகிற வசதி கிடையாது. ஹேண்ட் பிரேக்கை என்ன வேகத்தில் இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. நின்றபோது என் பம்பருக்கும் அவர் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம் இருந்தது.

அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அடிக்க நேரம் இருந்திருக்காது. மேலே வந்து இறங்கி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா, லேட்டாயிடுச்சு" என்று போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஆஃபீஸ் போக முடியவில்லை. காரை மேலேயே விசிட்டர்ஸ் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்திரண்டு நாள் அது அங்கேயே நின்றதற்கு காரணம் இதுதான். விசிட்டர்ஸ் பார்க்கிங்கை ஆக்கிரமித்திருக்கிறார் என்று புகார் எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்த இருபத்திரண்டு நாளில்தான் கடைக்குப் போகும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். எனக்கு என்ன வேண்டும்? இந்தக் கார் வருடத்தில் எத்தனை நாள் வேகமாக ஓடுகிறது? ஏற்காட்டுக்கு ஒரு தடவை, மாமல்லபுரம் வரை ஈ.சி.ஆரில் சில ஞாயிற்றுக்கிழமை. மீதி நாளெல்லாம் டிராஃபிக், சிக்னல், ராம்ப். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு. நம் ராம்ப்பில் நான் வருடத்துக்கு அறுநூறு தடவையாவது ஏறி இறங்குகிறேன். எதை வைத்து கிளட்ச் வாங்க வேண்டும்?

ஆகவே முதலில் தொட்டது கிளட்சை இல்லை, எஞ்சின் புரோகிராமை. ட்யூனிங் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கீழ்ச் சுற்றுகளில் டர்போ அழுத்தம் ஒரேயடியாக ஏறாமல் தணித்து, முறுக்குவிசை 250-ஐத் தாண்டாதபடி வைத்தேன். மேல் சுற்றுகளில் பெரிதாகக் கை வைக்கவில்லை. ஓட்டும்போது வித்தியாசம் எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. பிறகு 250-க்கு மேல் நாலில் ஒரு பங்கு கூட்டினேன். 312 வந்தது. அந்த அளவு தாங்குகிற கிளட்ச் போதும். 500 தாங்குகிறது வேண்டாம். வேண்டாத வலிமை எல்லாம் பெடலிலும் உதறலிலும்தான் வந்து உட்காரும்.

312-க்கு செராமிக் தேவையில்லை. கம்பெனி செட்டை விட ஒரு படி அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், முழு வட்ட ஆர்கானிக் லைனிங் போட்ட கிளட்ச் பிளேட், அவ்வளவுதான். கெவ்லார் லைனிங்கையும் யோசித்தேன். நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பும் மென்மை. ஆனால் ஆரம்பத்தில் மிகப் பொறுமையாகப் பழக்க வேண்டும். ஒரு தடவை அளவுக்கு மேல் சூடாகி மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். நம் டிராஃபிக்கில் அந்த ஒரு தடவை என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டேன். கார் முழுக்க ஒரிஜினல் நிலையில், 210-லேயே இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு படி கூடத் தேவையில்லை. லூக், சாக்ஸ், வேலியோ என்று கார் கம்பெனிகளுக்கே கொடுக்கிறவர்களின் சாதாரண செட் போதும். லூக் நிறுவனத்துக்கு நம் ஓசூரிலேயே ஆலை இருக்கிறது என்பது உபரித் தகவல். அதற்காக உங்கள் காருக்கான செட் அங்கே செய்தது என்று அர்த்தமில்லை. எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் கொடுத்துத்தான் ஆர்டர் செய்யுங்கள். ஒரே பெயர் கொண்ட காரில், எஞ்சினுக்கு எஞ்சின் கிளட்ச் வேறு.

ஃபிளைவீலில்தான் பையில் ஓட்டை விழுந்தது. புது டூயல் மாஸ் ஃபிளைவீல் கிளட்ச் செட்டை விட அதிக விலை. தொகையை இங்கே சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒற்றை ஃபிளைவீலையே வைத்துக்கொண்டால் பணம் மிச்சம். அப்படி வைப்பவர்கள், நடுவில் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சமாவது உதறலை அது வாங்கிக்கொள்ளும். டூயல் மாஸில் அந்த வேலையை ஃபிளைவீலே செய்துவிடுவதால் பிளேட்டில் ஸ்பிரிங் வேண்டியதில்லை. இரண்டையும் மாற்றிப் போட்டு, ஸ்பிரிங் எங்குமே இல்லாமல் ஓட்டுகிறவர்களின் கியர்பாக்ஸ் பாவம். நான் டூயல் மாஸே போட்டேன். போஸ்ட் மாஸ்டர் சாருக்காக என்றும் வைத்துக்கொள்ளலாம். பழைய டூயல் மாஸ் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துச் சீவ முடியாது. ஒற்றை ஃபிளைவீலைச் சீவலாம். புதுப்பேட்டையில் பழைய டூயல் மாஸ் கிடைக்கும்தான். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் என்றால் நானும் புதுப்பேட்டைதான் போவேன். உள்ளே ஸ்பிரிங் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாத சாமானை அங்கே வாங்குவதில்லை.

கியர்பாக்ஸை இறக்குவது ஒரு முழு நாள் வேலை.  இறக்கியது இறக்கியாயிற்று, அப்போதே செய்துவிட வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள். ரிலீஸ் பேரிங்கைப் பழையதே நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் மாற்றுங்கள். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையும் மாற்றுங்கள். புது லைனிங்கில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஃபிளைவீல் போல்ட்டுகள் இந்தக் காரில் ஒரு முறை மட்டும் பயன்படுத்துபவை. 60 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதன் மேல் இன்னொரு கால் சுற்று. அந்தக் கால் சுற்றில் போல்ட் இழுபட்டு நீளும், அதனால் மறுபடி போடக் கூடாது. புது போல்ட் பெட்டியில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இல்லாவிட்டால் வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது "பழசையே போட்டுடலாம் சார்" என்று குரல் வரும்.

ஒரு சின்ன விஷயம். ஜெர்மன் கிளட்ச் பிளேட்டில் ஒரு பக்கம் "கெட்ரீபெசைட்டெ" என்று அச்சிட்டிருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் என்று அர்த்தம். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் கியர் விழாது, திரும்ப முழு நாள் வேலை. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தையைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போனேன். மெக்கானிக் தம்பி சிரித்தார். "இந்த வாட்டி ஆஃபீஸுக்குத்தானே சார்?" என்றார்.

மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் டர்போவை மறந்துவிட்டு ஓட்டினேன். முழு ஆக்ஸிலரேட்டர் கிடையாது. ஹைவேயில் ஒரே கியரில் 800 போனால் கணக்கில் சேராது. நின்று கிளம்பி, நின்று கிளம்பித்தான் லைனிங்கும் இரும்பும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அதற்கு நம் ஓ.எம்.ஆரை விட்டால் நல்ல இடம் உலகத்தில் உண்டா?

உங்கள் எல்லோருக்கும், எந்தக் கார் வைத்திருந்தாலும், ஒரு வேண்டுகோள். ராம்ப்பில் நிற்க வேண்டி வந்தால் கிளட்சிலும் ஆக்ஸிலரேட்டரிலும் ஆட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் அப்பளம் வாணலியில் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கார் முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள், ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராம்ப்பின் அடியில் ஒரு மஞ்சள் கோடு வேண்டும். மேலே ஒரு வண்டி இருக்கும்போது அடுத்த வண்டி அந்தக் கோட்டைத் தாண்டி ஏறக் கூடாது. ஸ்கூட்டர்காரர்கள் முக்கியமாக. பள்ளி வேன் நிற்கிற இடத்தை கேட்டிலிருந்து இருபது அடி தள்ள வேண்டும். பெயின்ட் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இந்த வருடம் செலவு பழகிவிட்டது.

ஏ ப்ளாக் மாமி கை தூக்குகிறார். சொல்லுங்கள் மாமி. "இவ்வளவு பாடுபட்டு அந்தக் காரை ஏன் வெச்சிண்டிருக்கே?" நியாயமான கேள்வி. இதே கேள்வி வீட்டிலும் வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் காரை ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு 21ஜி பஸ் பிடித்துப் போனவன் நான். வேறு பதில் என்னிடம் இல்லை மாமி. இப்போது அவள் பக்கத்து சீட்டில் உட்காரும்போது கைப்பையைக் கீழே வைக்கிறாள். அதனால் இப்போதைக்கு அனுமதி உண்டு.

கார் வெளியேதான் நிற்கிறது. ராம்ப்பின் நடுவில் நிறுத்தித் திரும்பக் கிளம்பிக் காட்டச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். காட்டுகிறேன். ஏழரைக்கு மேல் வாருங்கள், டியூஷன் முடிந்து பிள்ளைகள் எல்லாம் மேலே போன பிறகு. பின்னால் யாரும் நிற்க வேண்டாம். செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.